ஆறாம் பக்கத்துப் புள்ளி

காலை 10.17. இருபத்தெட்டுப் புள்ளிகள். செவ்வந்திலிங்கம் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இந்தத் தடவை இருபத்தேழு வந்தது. எழுத்துகளின் தலையில் இருக்கும் ஒற்றுப் புள்ளிகளை மட்டும்தான் எண்ணினார், முற்றுப்புள்ளி அவர் கணக்கில் இல்லை. ஆறாம் பக்கத்தின் அடியில், மூன்றாம் பத்தியில், தலைப்புக்கூட வைக்காமல் போட்டிருந்த துண்டுச் செய்தி அது. ‘திருச்சி, மார்ச் 12: கண்களைப் பரிசோதிக்காமலேயே ஓட்டுநர் உரிமத்துக்குப் பார்வைச் சான்றிதழ் வழங்கியதாகப் பல் மருத்துவர்கள் மீது போலீசார் வழக்குப் பதிவு செய்துள்ளனர். விசாரணை நடந்து வருகிறது.’ அவ்வளவுதான். பதினோரு மணிக்கு அச்சுக்குப் போய் மூன்று மணிக்குப் பெட்டிக்கடைகளில் தொங்குகிற மாலைப் பத்திரிகையில், அதிகம் பேர் திருப்பாத பக்கத்தில், இரண்டே வாக்கியம். ‘பல்’ என்ற இடத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. ல-வின் தலையில் ஒரு புள்ளி தெரிந்தது. அது அச்சில் இருந்தால் வழக்கு பல் மருத்துவர்கள் மீது. இல்லாவிட்டால் பல மருத்துவர்கள் மீது. அது தாளில் இருக்கிறதா, தன் கண்ணில் இருக்கிறதா என்று முப்பத்தொரு வருஷமாகப் பிழை திருத்திக்கொண்டிருக்கிற மனிதருக்குத் தெரியவில்லை. இதைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஜனவரியில் வலது கண்ணில் கறுப்புப் பொடிகள் மிதக்க ஆரம்பித்தபோது அவராகச் செய்துகொண்ட வழி. தலையை லேசாக ஆட்டிவிட்டு நிறுத்த வேண்டும். கண்ணில் இருக்கிற பொடி உடனே நிற்காது, டம்ளர் அடியில் தேயிலைத் தூள் சுற்றுவது போல இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு மெதுவாக இறங்கும். தாளில் இருக்கிற புள்ளி அசையாது. ‘லிங்கம் சாருக்குக் காலையிலேயே கச்சேரி ஆரம்பிச்சிருச்சு’ என்று பக்கம் வடிவமைக்கிற ரபீக் ஒருநாள் சொன்னபோது அவரும் சிரித்துவைத்தார். இப்போதும் ஆட்டினார். பொடிகள் சுற்றின, இறங்கின. ல-வின் மேல் இருந்த புள்ளி அசையவில்லை. போன வாரமாக இருந்தால் அதோடு விட்டு அடுத்த பத்திக்குப் போயிருப்பார். வெள்ளிக்கிழமை அந்தக் கண் டாக்டரம்மா அந்த வழியையும் கெடுத்துவிட்டார்.

கண்ணில் மருந்து ஊற்றி, ஒரு மணி நேரம் மூடிக்கொண்டு உட்காரச் சொல்லி, தாடையை ஒரு தாங்கியில் வைத்துப் படம் பிடித்து, அதைத் திரையில் பெரிதாகக் காட்டினார். பழுத்த ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதில் கிளை கிளையாக நரம்புகள், நரம்புகளுக்கு நடுவில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். அவர் கை சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடியது, பழக்க தோஷம். “இதெல்லாம் ரத்தக் கசிவு சார். சர்க்கரை ரத்தக் குழாயை அரிச்சிருக்கு. விழித்திரையில புள்ளி புள்ளியாக் கசிஞ்சிருக்கு.” “மிதக்குதே, அதானம்மா இது?” “அது வேற. புதுசா முளைச்ச குழாய் உடைஞ்சு, கண்ணுக்குள்ள இருக்கிற கூழ்ல ரத்தம் கலந்தது அது. இது திரையிலயே ஒட்டிக்கிட்டு இருக்கறது. அசையாது. நீங்க எங்க பாத்தாலும் கூடவே வரும்.” கூடவே வரும். சரி, கூட வருகிறதா பார்த்துவிடலாம். செவ்வந்திலிங்கம் பார்வையைச் செய்தியிலிருந்து எடுத்துத் தாளின் வெள்ளை ஓரத்தில் வைத்தார். வந்தது. மங்கலாக, சாம்பல் நிறத்தில், சரியாக நடுவுக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி. ஆக, கண்ணில் ஒன்று இருப்பது உறுதி. ஆனால் கண்ணில் ஒன்று இருப்பதால் தாளில் ஒன்று இல்லை என்று ஆகிவிடாதே. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார். இடது கண் அதைவிட மோசம், நடுவில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். வரிகள் தார் ரோட்டு வெயிலில் பார்ப்பதுபோல் நெளிந்தன, ‘மருத்துவர்கள்’ இடுப்பில் வளைந்து நின்றது. அதில் புள்ளியைத் தேடுவது வீண். எத்தனை பொய் சொன்னான் அந்தக் கண்ணாடிக் கடைக்காரன். இரண்டு வருஷத்தில் மூன்று கண்ணாடி. ஒரு வாரம் தெளிவாக இருக்கும், அடுத்த வாரம் மங்கும், பவர் மாறிவிட்டது என்பான். பொய் என்றும் சொல்ல முடியாது. சர்க்கரை ஏறினால் பவரும் ஏறி இறங்கும் என்று அந்த அம்மாள் சொன்னபோதுதான் தெரிந்தது. அதற்குள் கண்ணாடிக் கடையைத் திட்டி, மையைத் திட்டி, காகிதத்தைத் திட்டி, ரபீக் புதிதாகப் போட்ட எழுத்துருவைத் திட்டி, ‘இது எழுத்தா, எறும்பு செத்துக் கெடக்குற மாதிரி’ என்று நாலு பேர் முன்னால் சொல்லி அவன் முகத்தை வாடவைத்திருந்தார்.

சர்க்கரை வந்து பதினாலு வருஷம். பாலக்கரையில் அவர் வழக்கமாகப் போகும் டாக்டர் ஒவ்வொரு வருஷமும் சீட்டின் அடியில் ஒரு வரி எழுதுவார், கண்ணின் விழித்திரையைப் பரிசோதிக்கவும் என்று. விழித்திரையை என்பதில் ‘ஐ’ விட்டுப்போயிருந்தால் இவர் அங்கேயே பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுப்பார். பரிசோதிக்கப் போகமாட்டார். “டாக்டர், நான் நாள் பூரா எட்டுப் பாயிண்ட் எழுத்துப் படிக்கிறவன். கண் ஆஸ்பத்திரி சுவத்துல தொங்குதே அட்டை, அதுல கடைசி வரி என் பத்திரிகையில தலைப்பு சைஸு. என் கண்ணை எவன் டெஸ்ட் பண்றது?” முதல் மூன்று வருஷம் டாக்டர் சிரித்தார். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டு வரியை மட்டும் எழுதினார். அது பெருமைக்குச் சொன்னதுகூட இல்லை, அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். படிக்க முடிகிறது என்றால் கண் நன்றாக இருக்கிறது. இதில் என்ன தப்பு? தினமும் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து, ஆறு பக்கம் படித்து, ‘ஏற்ப்பாடு’ என்று எங்கேயாவது ஒரு ப் கூடுதலாக இருந்தால் தாளைக் கையில் வாங்கும்போதே கண்டுபிடித்துவிடுகிறவனுக்கு வேறென்ன சான்றிதழ் வேண்டும்? “படிக்க முடியறதுக்கும் திரை நல்லா இருக்கறதுக்கும் சம்பந்தம் இல்ல சார்,” என்றார் கண் டாக்டரம்மா. “கெடுறது தெரியாமத்தான் கெடும். தெரியும்போது நேரமாயிருக்கும். அஞ்சு வருஷம் முன்னால வந்திருந்தீங்கன்னா மருந்து மாத்திரையோட போயிருக்கும்.” அவருக்கு மகள் வயசு இருக்கும், கோபப்படவும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. “இப்ப என்ன பண்ணுவீங்க?” “லேசர். திரையோட ஓரத்துல புள்ளி புள்ளியாச் சுட்டு வைப்போம். நடுவைக் காப்பாத்த ஓரத்தைக் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும். இடது கண்ணுக்கு முதல்ல ஊசி, லேசர் அப்புறம்.” “பண்ணுனா பழையபடி தெரியுமா?” “போனது வராது சார். இருக்கறது போகாம நிறுத்தலாம். அதுவும் சீக்கிரம் வந்தா.” போனது வராது. இருக்கறது போகாம நிறுத்தலாம். பஸ்ஸில் வரும்போது அந்த இரண்டு வாக்கியத்தையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார். எங்கேயாவது ஒரு பிழை இருக்கும், ஒரு சொல்லை இடம் மாற்றிப்போட்டால் வேறு அர்த்தம் வரும் என்று தேடினார். பிழை இல்லை. அந்த அம்மாள் நன்றாகத்தான் பேசியிருந்தார்.

சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. பெயர் தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை, இந்த நேரத்தில் அமிர்தம்தான். அவர் மனைவி. திருவெறும்பூரிலிருந்து டவுன் பஸ்ஸில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் டோக்கன் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமையே கண்ணுக்கு மருந்து விட்டிருப்பதால் அன்றே செய்துவிடலாம் என்றார்கள், இவர் சனிக்கிழமை என்றார், சனிக்கிழமை திங்கள் என்றார், இன்று செவ்வாய். “ஏங்க, பதினேழாம் நம்பர். இப்ப ஒம்பது உள்ள போயிருக்கு. கிளம்பிட்டீங்களா?” “பக்கம் முடியல.” “அது என்னைக்கு முடிஞ்சிருக்கு?” “இன்னைக்கு ஆகாது போல அமிர்தம். நாளைக்குன்னு சொல்லி வாங்கிட்டு வந்துரு.” அந்தப் பக்கம் யாரோ பெயர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. “அப்ப ஒண்ணு பண்றேன். உங்க கண்ணுக்குப் பதிலா என் கண்ணைக் காட்டிட்டு வர்றேன். யாரோ ஒருத்தர் கண்ணு, காட்டுனாப் போதும்ல?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு “சரி, சரி, மாத்திரையை மறக்காமப் போடு” என்று இன்னும் இரண்டு வாக்கியம் பேசினார், எதிர்மேஜையில் டைப் செய்கிற ஜெசிந்தா இருந்ததால். ஆபீசில் அமிர்தத்துக்கு மூட்டுவலி என்று சொல்லி வைத்திருக்கிறார். நல்லபடி நடக்கிற பொம்பளைக்கு மூட்டுவலி, குருடாகிக்கொண்டிருக்கிறவனுக்கு ஒன்றும் இல்லை. அந்தச் சொல் அவராகக் கூப்பிடாமலே வந்து முன்னால் நின்றது. அதை அடிக்க வேண்டும் போல இருந்தது. மாசிலாமணிக்குக் கண் புரை எடுத்தபோது செய்தி ஆசிரியர் கோதண்டபாணி என்ன சொன்னார்? ‘கண்ணு தெரியாதவன் கையில பக்கத்தைக் குடுத்துட்டு நான் கோர்ட்டுல நிக்கவா?’ மாசிலாமணி பிழை திருத்துவதில் இவருக்கு மூத்தவர். புரை எடுத்து நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. கீழே, கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வாங்குகிற ஜன்னலில் உட்காரவைத்தார்கள். செத்தவர் பெயரையும் தோற்றம் மறைவு தேதிகளையும் எழுதி வாங்குகிற வேலை. கோதண்டபாணி அந்தக் கோர்ட்டுப் பேச்சைச் சொன்னபோது அறையில் எல்லாரும் சிரித்தார்கள். செவ்வந்திலிங்கமும் சிரித்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்ததாக ஞாபகம்.

10.31. மேஜை இழுப்பறையில் கைக்குட்டைக்குள் சுற்றி ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. ஒரு மாதமாகச் சந்தேகம் வந்தால் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டு, ட்யூப்லைட்டுக்கு அடியில் நின்று பார்த்துவிட்டு வருவார். சர்க்கரைக்காரன் அடிக்கடி ஒன்றுக்குப் போகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த வியாதி செய்த ஒரே உபகாரம் அது. இன்று காலையிலிருந்து கழிப்பறை வாசலில் குழாய் ரிப்பேர்காரர் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் வைத்தே எடுத்துப் பார்த்தால் என்ன? பார்க்கலாம். ஜெசிந்தா தலையைத் தூக்குவாள், ஒன்றும் சொல்லமாட்டாள், மதியம் கோதண்டபாணிக்குத் தெரிந்திருக்கும். காட்டிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லமாட்டாள், பாவம் லிங்கம் சார் என்று சொல்லுவாள், அது போதும். அந்தச் செய்தியை டைப் செய்ததே அவள்தான், போலீஸ் நிருபர் போனில் சொல்லச் சொல்ல. கேட்டுவிட்டால் முடிந்தது. என்ன என்று கேட்பது? ஏம்மா, இந்த ல-வுக்குப் புள்ளி இருக்கா என்றா? முப்பத்தொரு வருஷம் மற்றவர்களுக்குப் புள்ளி வைத்துக் கொடுத்தவன் கேட்கிற கேள்வியா அது? வேறு மாதிரி கேட்கலாம், செய்தியைப் பற்றிக் கேட்பதுபோல. “ஏம்மா ஜெசிந்தா, இந்த லைசென்ஸ் சேதி... யார் மேலம்மா கேஸ்?” ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “டாக்டருங்க மேல சார்,” என்றாள். “கண்ணைப் பாக்காமலே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காங்க. நல்ல கூத்து.” “எந்த...” என்று ஆரம்பித்தார். அவள் விரல்கள் நின்றன. தலை மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. “எந்த சார்?” “எந்த ஸ்டேஷன்னு போடலையே.” “அவரு சொல்லல சார், ரெண்டு வரிக்கு இது போதும்னுட்டாரு.” விரல்கள் மறுபடி ஓடின. எந்த டாக்டர் என்று முழுசாகக் கேட்டிருந்தால் ஒரு சொல்லில் பதில் வந்திருக்கும். ஒரு சொல். அதைக் கேட்க முடியாமல் ஸ்டேஷனைக் கேட்ட வாயை அறைய வேண்டும் போல இருந்தது.

சரி, கண்ணை விடு, புத்தியை வைத்துப் பார். தமிழ் படித்த காலத்தில் புலவர் வகுப்பில் சொன்னார்கள், ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள், எழுத்தாணி பட்டு ஓலை கிழிந்துவிடும் என்று. படிக்கிறவன்தான் இடம் பார்த்து, பொருள் பார்த்து மனதுக்குள் புள்ளியை வைத்துக்கொள்ள வேண்டும். அத்தனை பழைய நூல்களையும் புள்ளி இல்லாமல்தான் படித்தார்கள், அதற்குக் கண்ணா உதவியது? பொருள். பொருளைப் பார். பார்வைச் சான்றிதழ் கொடுப்பது யார்? டாக்டர். பல் டாக்டர் எதற்குக் கண்ணுக்குச் சான்றிதழ் கொடுக்கிறான்? கொடுக்கமாட்டான். பல்லைப் பிடுங்குகிறவன் கண்ணைப் பற்றி எழுதிக்கொடுத்தால் லைசென்ஸ் ஆபீசில் வாங்குவார்களா? ஒருவேளை வாங்கியதால்தான் செய்தியோ? அந்த எண்ணம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது, பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடிகாரத்தின் பெரிய முள்ளும் கறுப்பாக இருந்தது, அதன்மேல் ஒரு பொடி மிதந்தது, மணி 10.40-ஆ 10.45-ஆ என்று அதிலும் ஒரு சந்தேகம். ரபீக் அந்தப் பக்கத்திலிருந்து “ஆறு வந்துருச்சா சார்?” என்றான். ஆறாம் பக்கத்துக்கு இரண்டாவது ப்ரூஃப் கிடையாது. இவர் போடுகிற குறியை அவன் அப்படியே திருத்துவான், பக்கம் அப்படியே அச்சுக்குப் போகும். கண்ணில் ஒரு புள்ளி இருக்கிறது என்று டாக்டரம்மாளே படம் போட்டுக் காட்டியிருக்கிறார். பொருளும் பல என்றுதான் சொல்கிறது. தாளிலும் இருந்து கண்ணிலும் இருக்கிற புள்ளி என்று ஒன்று எங்கே அமையப்போகிறது. தாளில் இல்லாவிட்டால், அடித்தாலும் நஷ்டமில்லை. அவர் சிவப்புப் பேனாவால் ல-வின் தலையைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டு, ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்து, புள்ளி நீக்கம் என்று எழுதினார். எழுதிய பிறகு ஒரு நிமிஷம் உள்ளங்கை வேர்த்தது. காலை இட்லிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாததால் சர்க்கரை இறங்குகிறதோ, பயமோ, இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இழுப்பறையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். ஜெசிந்தா எழுந்து வந்து தாளை வாங்கினாள். ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தாள். அந்த வட்டத்தில் அவள் கண் நின்றதாக அவருக்குத் தோன்றியது, ஆனால் அடுத்தவர் கண் எங்கே நிற்கிறது என்பதே இப்போதெல்லாம் அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. கேட்பாள். இப்போது கேட்பாள். கேட்டால் சொல்லிவிடலாம், எல்லாவற்றையும், மூட்டுவலி உள்பட. “புள்ளி விழுந்துருச்சா சார்?” என்றாள். “நான் ஒழுங்காத்தான் அடிச்சேன்னு நெனச்சேன். கை பழகிப்போய் விழுந்துருக்கும். நீங்க இல்லாட்டி எங்க மானம் போயிரும் சார்.” தாளோடு ரபீக்கின் மேஜைக்குப் போனாள். அவர் வாயில் பிஸ்கட் இருந்தது. அதை முழுங்கிவிட்டுக் கூப்பிட நேரம் இருந்தது. ஏழெட்டு அடி தூரம்தான். ஜெசிந்தா என்று கூப்பிட்டு, நீ அடிச்சதே இருக்கட்டும் என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதுகூட இல்லை. அவர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார், மேஜையின் இடது பக்கம் இருக்கும், இருந்தது. மூடியைத் திறந்து குடித்து மூடினார். ரபீக்கின் மேஜைப் பக்கம் ஒரு க்ளிக் சத்தம் கேட்டது. மணி 10.52 என்று யாரோ சொன்னார்கள். செல்போன் அதிரவில்லை, அமிர்தம் மறுபடி கூப்பிடவில்லை.

மார்ச் 14, 2019, வியாழக்கிழமை இதழின் ஆறாம் பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் ஒன்று வெளியானது: செவ்வாய்க்கிழமை வெளியான செய்தியில் ‘பல் மருத்துவர்கள்’ என்பதில் புள்ளி விடுபட்டு, ‘பல மருத்துவர்கள்’ என்று பிரசுரமாகிவிட்டது, நகரின் மருத்துவர்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு வருந்துகிறோம். அந்தத் திருத்தத்துக்கு மெய்ப்புப் பார்த்தவர் ஜெசிந்தா. அதே நாள் காலை பதினொன்றே முக்காலுக்குச் செவ்வந்திலிங்கத்தின் வலது கண்ணில் லேசரால் அறுநூற்று நாற்பது புள்ளிகள் வைக்கப்பட்டன.